14 பேர் வேணும்: ரோல்ஸ்ல எடுக்கலாமா, கான்ட்ராக்டர்கிட்ட சொல்லலாமா, அப்ரண்டிஸ் போடலாமா?

எங்க யூனிட்டு கடலூர்-பண்ருட்டி ரோட்டுல நெல்லிக்குப்பம் தாண்டி இருக்கு, முந்திரி உரிச்சு கிரேடு பிரிச்சு பேக் பண்ற வேலை, இப்ப 38 பேர் ரோல்ஸ்ல, அதாவது கம்பெனியோட சொந்த ஆளா, இருக்காங்க. அக்கவுன்ட்ஸும் நான்தான் பாக்கறேன், எச்ஆரும் நான்தான், இந்த சைசு கம்பெனி எல்லாத்துலயும் அப்டித்தான், சம்பளம் போடறது, லீவு எழுதறது, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) ரிட்டர்ன் போடறது எல்லாம் ஒரே டேபிள்ல நடக்கும். தீபாவளி ஆர்டருக்கு முன்னாடி இன்னும் 14 பேர் வேணும்னு முதலாளி சார் சொல்லிட்டாரு. எப்டி எடுக்கறதுன்னு மூணு வாரமா பேசிட்டு இருக்கோம். சிப்காட்ல சின்ன யூனிட் வெச்சிருக்கவங்களுக்கும், புதுச்சேரி பக்கம் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டுல இருக்கவங்களுக்கும் இதே கேள்வி வருதுன்னு தெரியும், அதனால நான் போட்டு பாத்த கணக்கையும் பட்ட அனுபவத்தையும் அப்டியே எழுதறேன்.

வழி மூணு. நேரா நம்ம ரோல்ஸ்ல எடுக்கறது, அதுலயே நிரந்தரமாவும் எடுக்கலாம், இத்தன மாசம்னு ஆர்டர்ல எழுதி குடுத்தும் எடுக்கலாம். ரெண்டாவது, மேன்பவர் கான்ட்ராக்டர் மூலமா. மூணாவது, அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகை குடுத்து வேலை கத்துக்குடுக்கற பயிற்சி ஆளு. பண்ருட்டி பக்கத்துல நாலாவதா ஒண்ணும் உண்டு, வீட்டுக்கு முந்திரிப் பருப்ப குடுத்தனுப்பி கிலோ கணக்குல உரிச்சு வாங்கறது, அத பின்னாடி சொல்றேன்.

போன வாரம் ஒரு கான்ட்ராக்டர் வந்திருந்தாரு. ஆளுக்கு மாசம் 15,200, எல்லாம் சேத்து, "பிஎஃப் இஎஸ்ஐ எதையும் நீங்க பாக்க வேணாம் மேடம், என்கிட்ட விட்ருங்க, ஒரே பில்லு, நீங்க ஒரே செக் போட்டா போதும்"னாரு. சாருக்கு ரொம்ப புடிச்சிப்போச்சு. அவரு கெளம்பி போனதும் நான் ஒரு பேப்பர எடுத்து எழுத ஆரம்பிச்சேன், அந்த பேப்பர்தான் இந்த கட்டுரைக்கே காரணம்.

கணக்குக்கு ஈசியா இருக்கட்டும்னு மாச சம்பளம் 13,000ன்னு வெச்சுக்கலாம், உங்க தொழிலுக்கு குறைஞ்சபட்ச கூலி எவ்ளோவோ அத போட்டு பாத்துக்கோங்க. நேரா எடுத்தா கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,560. அதோட இன்சூரன்ஸ் அரை சதவீதம், நிர்வாக கட்டணம் அரை சதவீதம், ரெண்டும் சேத்து 130. இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவ காப்பீடு, கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 423 ரூபா. போனஸ் குறைஞ்சது 8.33 சதவீதம், அத மாசத்துக்கு பிரிச்சா 1,083. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலைய விட்டு போகும்போது குடுக்கற பணிக்கொடைக்கு, ஒதுக்கணும்னா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 26ஆல வகுத்து போடற கணக்கு, மாசத்துக்கு 625 வருது. கூட்டினா 16,821.

இப்ப கான்ட்ராக்டர் கணக்குக்கு வாங்க. அவரும் சட்டப்படி இதே எல்லாத்தையும் கட்டித்தான் ஆகணும், அவருக்குன்னு தனி பிஎஃப் ரேட்டு கிடையாது, தனி இஎஸ்ஐ ரேட்டு கிடையாது. 16,821க்கு மேல அவரோட சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம்னு வெச்சா 1,346, ஆக 18,167. அதுக்கு மேல மேன்பவர் சப்ளைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 3,270. மொத்தம் 21,437. ஜிஎஸ்டிய கிரெடிட் எடுத்துக்கலாம் சரி, ஆனா நாம விக்கற பருப்புக்கு 5 சதவீதம்தான் வரி, இவரு பில்லுக்கு 18, பணம் முதல்ல நம்ம கைய விட்டு போயிடும், அப்பறம் மெதுவா கழிச்சிக்கணும். ஜிஎஸ்டிய விட்டுட்டா கூட நேரா எடுக்கறத விட 1,346 ரூபா அதிகம்.

அப்ப 15,200க்கு அவரால எப்டி முடியுது? இந்த கேள்விய கேக்காம எந்த கொட்டேஷன்லயும் கையெழுத்து போடாதீங்க. நேர்மையா நடத்தற கான்ட்ராக்டர் நம்மள விட கம்மியா தரவே முடியாது, அவருக்கும் ஆபீஸ் இருக்கு, சூப்பர்வைசர் இருக்காரு, லாபம் வேணும். ரேட்டு கம்மின்னா அந்த கம்மி ஆளோட பிஎஃப்ல இருந்து வருது, இல்ல இஎஸ்ஐல இருந்து வருது, இல்ல போனஸ், கிராஜுவிட்டில இருந்து வருது, இல்ல சிலிப்ல 13,000ன்னு காட்டி கைல 10,000 குடுக்கறதுல இருந்து வருது. வேற எங்கேருந்தும் வர வழியில்ல.

இத நான் ஊகத்துல சொல்லல. எங்க யூனிட்லயே கொஞ்ச வருஷம் முன்னாடி ஒருத்தர் மூலமா 12 பேர் எடுத்தோம், எல்லாரும் பொம்பளைங்க, தோல் உரிக்கற டேபிள்ல உக்காந்தாங்க. அதுல ஒரு அக்கா, நாப்பது வயசு இருக்கும், மேல்பட்டாம்பாக்கம் பக்கம் கிராமம், கை அவ்ளோ சுத்தம், அவங்க ட்ரேல ஒடஞ்ச பருப்பு பாக்கவே முடியாது. ஒரு நாள் மத்தியானம் என் டேபிளுக்கு வந்து நின்னாங்க. கர்ப்பப்பைல கட்டி, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்களாம், இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்கு போனா நம்பர் ஆக்டிவா இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். "மாசா மாசம் புடிக்கிறாங்களே மேடம், சிலிப்ல போட்டிருக்கே"ன்னு மடிச்சு வெச்சிருந்த சம்பள சிலிப்ப பர்ஸ்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து டேபிள் மேல வெச்சாங்க, பதினோரு சிலிப்பு, எல்லாத்துலயும் இஎஸ்ஐ 0.75, பிஎஃப் 12 புடிச்சதா பிரிண்ட் ஆகியிருக்கு.

அவங்க போன்ல அரசாங்கத்தோட உமாங் ஆப் போட்டு பிஎஃப் பாஸ்புக் பாக்கலாம்னா ஓடிபி வரல. அந்த யுஏஎன்ல, அதாவது ஆளோட பிஎஃப் நம்பர்ல, இருந்த மொபைல் நம்பர் கான்ட்ராக்டரோட சூப்பர்வைசர் நம்பர். அத மாத்தறதுக்கே ரெண்டு நாளு ஆச்சு. தொறந்து பாத்தா பதினோரு மாசத்துல மூணு மாசம்தான் பணம் கட்டியிருக்கு. இஎஸ்ஐல உடம்பு சரியில்லாத காலத்துக்கு 70 சதவீத சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கெடைக்கும், ஆனா அதுக்கு ஆறு மாச கட்டண காலத்துல 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும். அந்த கான்ட்ராக்டர் இஎஸ்ஐயும் ஒழுங்கா கட்டல, அதனால கெடைக்கல. ஆபரேஷன் பண்ணிட்டு ஒன்றரை மாசம் வீட்ல சம்பளம் இல்லாம இருந்தாங்க அந்த அக்கா.

அப்பறம் என்னாச்சுன்னா பாக்கிய நாங்கதான் கட்டினோம். சட்டம் அப்டித்தான் இருக்கு, கான்ட்ராக்டர் கட்டலன்னா முதன்மை முதலாளி, அதாவது வேலை வாங்கற கம்பெனி, கட்டணும், வட்டியோட, லேட் ஆனதுக்கு நஷ்டஈடோட. பில்லுல ஒரு தடவ குடுத்தாச்சு, பிஎஃப், இஎஸ்ஐ ஆபீஸுக்கு இன்னொரு தடவ குடுத்தோம். அவரோ அடுத்த மாசத்துல இருந்து போன எடுக்கவே இல்ல. "என்கிட்ட விட்ருங்க"ன்ற வார்த்தைய கேட்டா எனக்கு இன்னிக்கும் அந்த பதினோரு சிலிப்புதான் ஞாபகம் வருது.

சட்டம் மாறிடுச்சேன்னு சிலர் கேக்கறாங்க. 2025 நவம்பர் 21ல நாலு லேபர் கோடும், அதாவது பழைய தொழிலாளர் சட்டங்கள சேத்து எழுதின புது சட்டங்க, அமலுக்கு வந்துச்சு. முன்ன 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துல 20 ஒப்பந்த ஆளு இருந்தாலே லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன்னு வரும், இப்ப கோடுல அது 50 ஆயிடுச்சு. மெயின் வேலைக்கு, அதாவது கோர் வேலைக்கு, ஒப்பந்த ஆள போடக்கூடாதுன்னும் எழுதியிருக்கு, அதுலயும் வேலை திடீர்னு கூடும்போது போட்டுக்கலாம்ன்ற மாதிரி விதிவிலக்கும் இருக்கு. செக்யூரிட்டி, கேன்டீன், கிளீனிங், லோடு ஏத்தி இறக்கறது இதெல்லாம் கோர் இல்ல. எங்களுக்கு தோல் உரிக்கறதும் கிரேடு பிரிக்கறதும்தான் தொழிலே, அத விட்டா கம்பெனில என்ன இருக்கு. 14 ஆளு எடுக்கற எங்கள மாதிரி யூனிட்டு 50க்கு கீழ வருது, அந்த அத்தியாயமே நம்மள தொடாது, அப்ப தாராளமா போடலாம்னு ஒரு கன்சல்டன்ட் சொன்னாரு. லைசென்ஸ் விஷயத்துல அவர் சொல்றது சரிதான், ஆனா பிஎஃப் இஎஸ்ஐ பொறுப்பு 50க்கு கீழ இருந்தாலும் நம்ம தலைலதான் இருக்கு, அத அவர் சொல்லல.

கணக்குல வராத இன்னொண்ணு இருக்கு, அதுதான் பெருசுன்னு நான் நெனைக்கறேன். முந்திரில டபிள்யூ 180, 240, 320ன்னு கிரேடு சொல்வோம், ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தன முழுப்பருப்பு நிக்குதுன்றதுதான் அந்த நம்பர், 320ன்னா 300ல இருந்து 320 பருப்பு. முழுசா இருந்தா ஒரு வெல, ரெண்டா பொளந்துட்டா அது ஸ்பிளிட், வேற வெல, நொறுங்கிட்டா உடைசல், ஸ்வீட் கடைக்குத்தான் போவும். தோல் உரிக்கற கத்தி சின்னது, பருப்பு எவ்ளோ காஞ்சிருக்குன்னு வெரல்லயே தெரியணும், கொஞ்சம் ஈரம் இருந்தா தோல் ஒட்டிக்கும், ரொம்ப காஞ்சிருந்தா தொட்டாலே பொளக்கும், மழ நாள்ல ஒரு மாதிரி அழுத்தணும் வெயில் நாள்ல வேற மாதிரி. புதுசா வர்றவங்க ட்ரேயையும் ரெண்டு வருஷமா உக்காந்திருக்கவங்க ட்ரேயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா யாரும் விளக்கமே சொல்ல வேணாம். ஒரு ஆளுக்கு கை படியறதுக்கு எங்க அனுபவத்துல மூணு நாலு மாசம் ஆவுது. கான்ட்ராக்டர் ஆளு அந்த மூணு மாசத்துலயே மாறிடறாங்க, அவருக்கு இன்னொரு கம்பெனில கூட 500 ரூபா கெடைச்சா மொத்த கும்பலையும் வேன்ல ஏத்தி அங்க அனுப்பிடுவாரு, நாம திருப்பி முதல்ல இருந்து சொல்லிக்குடுக்கணும். அந்த மூணு மாசம் ஒடஞ்ச பருப்போட நஷ்டத்த யாரும் லேபர் காஸ்ட்ல எழுதறதில்ல, அது ஈல்டு கம்மின்ற தலைப்புல வேற பக்கத்துல போய் உக்காந்துக்குது. சாருக்கு நான் அந்த ரெண்டு பக்கத்தையும் சேத்து வெச்சு காட்டினதுக்கு அப்பறம்தான் யோசிக்க ஆரம்பிச்சாரு.

இதுல உங்க தொழில் வேற மாதிரி இருந்தா முடிவும் மாறலாம், ஒரு நாள்ல சொல்லிக்குடுத்து முடிக்கற வேலைன்னா ஆள் மாறறது பெரிய நஷ்டமில்ல. கை வேலை இருக்கற எடத்துல மாறவே கூடாது.

சாருக்கு நேரா எடுக்கறதுல ஒரே பயம்தான், பர்மனன்ட். தீபாவளி முடிஞ்சு ஆர்டர் கொறஞ்சா என்ன பண்றதுன்னு கேக்கறாரு, நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டுல 1981 சட்டம் ஒண்ணு இருக்கு, 24 மாசத்துல 480 நாள் வேலை பாத்தவங்கள நிரந்தரம் ஆக்கணும்னு. இதுக்கு பயந்து 400 நாள் ஆனதும் பிரேக் குடுத்து திருப்பி புது நம்பர்ல எடுக்கற கம்பெனிங்கள நான் பாத்திருக்கேன். அந்த பிரேக் மாசத்துல வீட்ல அடுப்பு எப்டி எரியும்னு யாரும் யோசிக்கறதில்ல. நம்ம ஜில்லாவுல பர்மனன்ட்ன்ற வார்த்தைக்கு எவ்ளோ கனம்னு தெரியணும்னா நெய்வேலி பக்கம் போய் கேட்டா போதும், ஒப்பந்தத் தொழிலாளருங்க நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கா போராடியிருக்காங்க. பக்கத்துல புதுச்சேரில 1936 ஜூலை 30ல எட்டு மணி நேர வேலை கேட்ட மில் தொழிலாளிங்க 12 பேர் பிரெஞ்சுக்காரங்க சுட்டதுல செத்தாங்க. அப்டி போராடி கெடைச்சதுங்க தொழிலாளிக்கு இருக்கற உரிமையெல்லாம்.

அதனால நான் சொன்னது இதுதான், நெஜமாவே ஆர்டர் நிக்குமான்னு தெரியலன்னா அத மறைக்காம எழுத்துல போட்டு குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கலாம், ஃபிக்ஸட் டெர்ம்னு சொல்றாங்க. கோடுப்படி அவங்களுக்கும் நிரந்தர ஆளுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், அதே சலுகை, கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் காத்திருக்க வேணாம், ஒரு வருஷம் முடிச்சாலே உண்டு. ஆர்டர் லெட்டர்ல ஆரம்ப தேதியும் முடியற தேதியும் இருக்கும், வேலைக்கு வர்ற அக்காவுக்கும் தெரியும் நமக்கும் தெரியும். கான்ட்ராக்டர் ஆளுக்கு என்னிக்கு வேலை போவும்னு அவங்களுக்கே தெரியாது, அந்த நிச்சயமின்மைதான் ஆள சீக்கிரம் ஓட வைக்குது. ஆனா வருஷா வருஷம் அதே ஆளுக்கு அதே வேலைக்கு புது லெட்டர் குடுத்துட்டே போறது சரியில்ல, ரெண்டாவது வருஷமும் வேலை இருக்குன்னா அது நிரந்தர வேலைதான், அப்ப நிரந்தரமாவே எடுக்கணும்.

இப்ப சாரோட மனச மாத்தின விஷயத்துக்கு வரேன். மத்திய அரசு பிஎம் விக்சித் பாரத் ரோஸ்கார் யோஜனான்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு, 2025 ஆகஸ்ட் 1ல இருந்து 2027 ஜூலை 31க்குள்ள உருவாகற வேலைக்கு. 50 பேருக்கு கம்மியா இருக்கற கம்பெனி குறைஞ்சது 2 பேர் கூடுதலா எடுக்கணும், 50ம் அதுக்கு மேலயும் இருந்தா 5 பேர், அந்த ஆளுங்க ஆறு மாசமாவது நிக்கணும். பிஎஃப் சம்பளம் 10,000க்கு மேல 20,000 வரைக்கும் இருந்தா ஆளுக்கு மாசம் 2,000, அதுக்கு மேல போனா 3,000 வரைக்கும் கம்பெனிக்கு வரும், ரெண்டு வருஷம், உற்பத்தி துறைன்னா நாலு வருஷம். முதல் தடவையா பிஎஃப்ல சேர்ற ஆளுக்கும் 15,000 வரைக்கும் ரெண்டு தவணையா அவங்க அக்கவுன்டுக்கே போவுது. அப்ப அந்த 16,821ல 2,000 கழிச்சா 14,821. கான்ட்ராக்டர் சொன்ன 15,200ஐ விடவே கம்மி, அதுவும் யார் பணத்தையும் புடுங்காம. ஆனா இந்த பணம் ஆள் நின்னாதான் வரும், ரிட்டர்ன் மாசா மாசம் ஒழுங்கா போட்டாதான் வரும், அதனால இத நம்பி மட்டும் யாரும் ஆள் எடுக்க வேணாம், இது கூடுதல்னு வெச்சுக்கோங்க.

அப்ரண்டிஸ் பத்தி. பேப்பர்ல பாத்தா இதுதான் எல்லாத்தையும் விட மலிவு. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரும் அதுக்கு மேலயும் இருக்கற ஸ்தாபனம் மொத்த ஆள்ல 2.5ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் கட்டாயம் வெச்சுக்கணும், நாலு பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் இருந்தா விருப்பம். 2019 விதில குறைஞ்சபட்ச உதவித்தொகை படிப்ப பொறுத்து 5,000ல இருந்து 9,000, ஐடிஐ முடிச்சவங்களுக்கு 7,000. தேசிய அப்ரண்டிஸ் திட்டத்துல சேந்தா அதுல கால் பங்கு, மாசம் 1,500 வரைக்கும், அரசாங்கம் நேரா பசங்க அக்கவுன்டுக்கு போடுது. பிஎஃப் இஎஸ்ஐ கெடையாது. நாங்க 9,000 குடுக்கறதா முடிவு பண்ணா எங்க கைல இருந்து 7,500தான்.

இதனாலதான் நெறய எடத்துல இத தப்பா பயன்படுத்தறாங்க. பேரு அப்ரண்டிஸ், செய்யறது முழு லைன் வேலை, ஒரு வருஷம் ஓட்டிட்டு சர்டிபிகேட்ட குடுத்து அனுப்பிட்டு அடுத்த பேட்ச். பையன் ஃபிட்டர் படிச்சிருப்பான், ஒரு வருஷமா அட்டப்பொட்டிக்கு டேப் ஒட்டியிருப்பான். அடுத்த எடத்துல இன்டர்வியூல என்ன கத்துக்கிட்டன்னு கேட்டா என்ன சொல்வான் பாவம். நாங்க எடுத்தா பாய்லர், டிரையர், வேக்யூம் பேக்கிங் மெஷின், இதுங்க பக்கத்துல நிக்க வெச்சு சொல்லிக்குடுக்கறதுக்கு ஒரு ஆளு ஒதுக்கணும். எங்க மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவருக்கு பொறுமை உண்டு, ஆனா ரெண்டு பேருக்கு மேல அவரால பாத்துக்க முடியாதுன்னு அவரே சொல்லிட்டாரு. அப்ப எங்களுக்கு ரெண்டு அப்ரண்டிஸ், அவ்ளோதான். மூணாவது ஆளு எடுத்தா அது அப்ரண்டிஸ் இல்ல, கம்மி சம்பளத்துக்கு ஒரு ஆளு.

வீட்டுக்கு குடுத்து உரிக்கறது, நான் வேணாம்னு சொல்லிட்டேன். கைக்குழந்த இருக்கவங்களுக்கு அது வசதிதான், ஒத்துக்கறேன், ஆனா எடையில சண்ட வரும், சுத்தத்துக்கு நாம பொறுப்பு ஏத்துக்க முடியாது, வாங்கற பெரிய கம்பெனிங்க இப்ப யூனிட்டுக்கே வந்து ஆடிட் பண்றாங்க. நாள் முழுக்க உக்காந்து உரிச்சாலும் குறைஞ்சபட்ச கூலி வராத அளவுக்கு கிலோ ரேட்டு வெச்சிருக்காங்க பல எடத்துல. வடக்கேருந்து பசங்கள கூட்டிட்டு வந்து ரூம் போட்டு குடுக்கறேன்னும் ஒருத்தர் சொன்னாரு, எங்க வேலைக்கு உள்ளூர் பொம்பளைங்க கை இருக்கும்போது தேவப்படல. அப்டி எடுக்கறவங்க ரூம்ல எத்தன பேர் படுக்கறாங்க, டாய்லெட் எத்தனன்னு ஒரு தடவ நேர்ல போய் பாத்துடுங்க.

ஆள் நிக்கறதுக்கு சம்பளம் மட்டும் காரணமில்லன்றத எங்களுக்கு பஸ்ஸுதான் சொல்லிக்குடுத்துச்சு. 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, எங்க ஆளுங்கள்ல பாதிக்கு மேல அதுலதான் வர்றாங்க, வரக்கால்பட்டு பக்கம் இருந்து, அந்தாண்ட பண்ருட்டி பக்கம் இருந்து. நாங்க ஷிப்ட்ட 8 மணிக்கு வெச்சிருந்தோம், அந்த பஸ்ஸு எங்க ஸ்டாப்புக்கு 8.10க்கு வரும். பத்து நிமிஷம் லேட்டுன்னு ரிஜிஸ்டர்ல செவப்பு மையில எழுதி, மூணு லேட்டுக்கு அர நாள் புடிச்சிட்டு இருந்தோம், இல்லன்னா காசு குடுத்து பிரைவேட் பஸ்ல வரணும் அவங்க. ஒரு அக்காதான் கேட்டாங்க, "மேடம், பஸ்ஸ நாங்களா ஓட்டறோம்?"னு. அடுத்த வாரமே 8.20ன்னு மாத்தினோம், சாயங்காலம் இருபது நிமிஷம் தள்ளி விட்டோம். அதுக்கப்பறம் வேலைய விட்டு போறது கண்ணுக்கு தெரியற மாதிரி கொறஞ்சுது. இந்த மாதிரி விஷயம் கான்ட்ராக்டர் ஆளுங்ககிட்ட இருந்து நம்ம காதுக்கு வரவே வராது, அவங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்வாங்க, அவரு வேற ஆள மாத்திடுவாரு, கத முடிஞ்சுது.

பிஎஃப் புடிக்காதீங்க, கைல குடுத்துடுங்கன்னு கேக்கறவங்களும் இருக்காங்க, அவங்கள தப்பு சொல்ல முடியாது. 13,000ல பிஎஃப் 1,560, இஎஸ்ஐ 98 போனா கைக்கு 11,342 வரும், குழு கடனும் ஸ்கூல் ஃபீஸும் இருக்கற வீட்ல 1,658 ரூபா பெருசு. நான் உக்கார வெச்சு சொல்றது, நீங்க போடற அளவுக்கு கம்பெனியும் போடுது, பத்து வருஷம் முடிச்சா பென்ஷன் உண்டு, வேலைல இருக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் 7 லட்சம் வரைக்கும் உண்டு. சொல்லிட்டு அவங்க போன்லயே உமாங் ஆப் போட்டு பாஸ்புக்க காட்டிடுவேன். ஒரு தடவ கண்ணால பாத்தவங்க அப்பறம் கேக்கறதில்ல, சில பேரு மாசா மாசம் வந்து, ஏறிடுச்சா மேடம்னு கேட்டுட்டு போறாங்க.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரைய கடந்துச்சே, அதுக்கப்பறம் தென்பெண்ணைல தண்ணி தெறந்து விட்டப்ப எங்க கோடவுன்லயும் தண்ணி ஏறுச்சு. நான் வீட்ட விட்டு வெளிய வர முடியல. பக்கத்து தெருவுல இருக்கற எங்க ஆளுங்க ஆறு பேரு முட்டி அளவு தண்ணில நடந்து வந்து, பேக் பண்ணி வெச்சிருந்த டின்னு எல்லாத்தையும் மேல பேலட் போட்டு ஏத்தி வெச்சிருக்காங்க, யாரும் போன் பண்ணி கூப்டல. ஓவர்டைம் போடலாம்னு பேர் கேட்டா மூணு நாள் கழிச்சுதான் யார் யார்னே எங்களுக்கு தெரிஞ்சுது. ஆறு பேருமே ரோல்ஸ்ல இருக்கவங்க. கான்ட்ராக்ட் ஆளுங்க மனசு வேறன்னு நான் சொல்லல, அந்த அக்கா இருந்திருந்தா அவங்களும் வந்திருப்பாங்க, ஆனா அவங்க அதுக்குள்ள எங்ககிட்ட இல்ல.

முடிவா சார்கிட்ட நான் குடுத்த பேப்பர்ல இருக்கறது இதான். உரிக்கறதுக்கும் கிரேடிங்குக்கும் 9 பேரு நேரா ரோல்ஸ்ல, அதுல 5 பேரு நிரந்தரம், 4 பேருக்கு ஒரு வருஷ லெட்டர், அது தெளிவா தேதியோட. மெஷின் பக்கம் ஐடிஐ அப்ரண்டிஸ் 2 பேரு, மெக்கானிக் அண்ணன் பொறுப்புல. லோடு ஏத்தி இறக்கறதுக்கு 3 பேரு மட்டும் கான்ட்ராக்டர் மூலமா, லாரி வர்ற நாள்ல மட்டும்தான் அந்த வேலை இருக்கு. அந்த கான்ட்ராக்டருக்கும் ஒரு கண்டிஷன், போன மாச பிஎஃப் சலான், இஎஸ்ஐ சலான், ஆளோட பேரு பேரா லிஸ்ட், இது மூணும் பில்லோட சேந்து வரலன்னா பில்லு பாஸ் ஆவாது. 15,200 சொன்னவருகிட்ட இத சொன்னேன், யோசிச்சு சொல்றேன்னு போயிருக்காரு, இன்னும் கூப்டல.

அந்த ஆபரேஷன் ஆன அக்காவுக்கு நேத்து போன் போட்டேன். இப்ப வீட்லதான் இருக்காங்களாம், உடம்பு பரவால்லயாம். "இந்த தடவ யார் மூலமா மேடம்?"னு கேட்டாங்க, நேரா நம்ம ரோல்ஸ்ல அக்கா, லெட்டர்ல என் கையெழுத்து இருக்கும்னு சொன்னேன். திங்கக்கெழம இன்டர்வியூ. ஆதார், பேங்க் பாஸ்புக், பழைய யுஏஎன் நம்பர் எடுத்துட்டு வாங்க, முக்கியமா உங்க சொந்த போன எடுத்துட்டு வாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், நம்பர அன்னிக்கே என் டேபிள்லயே மாத்திடலாம்.